61-ஆம் பக்கத்தில் நின்றுபோன நாவலும் மூன்று வாசகர்களும்: ஒரு கைப்பிரதி வாசிப்புச் சேவை பற்றி

நாவலை அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு மனைவியிடம் கொடுத்திருந்தேன். அடையாளத்துக்கு ஒரு பழைய ரசீதை வைத்திருந்தாள். முதல் வாரம் ரசீது நகர்ந்தது. பிறகு 61-ஆம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. நான்கு மாதம்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. படிச்சிட்டிருக்கேன்."

பொய் சொல்லவில்லை, பாவம். கையில் எடுப்பாள், இரண்டு பக்கம் புரட்டுவாள், துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவாள். நண்பர்கள் இருவரிடமும் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் "மொழி அருமை" என்றார். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், மொழி அருமை என்றால் முடிக்கவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சேவைக்குப் போனேன். கைப்பிரதியை அனுப்பினால் முன்பின் தெரியாத மூன்று பேர் படித்து, எங்கே பிடித்தது, எங்கே கைவிட்டது என்று சொல்வார்கள். அதை வைத்து ஓர் ஆசிரியர், அதாவது எடிட்டர், அறிக்கை எழுதுவார், ஒன்றரை மணி நேரம் பேசுவார். திருத்திய பிறகு இன்னொரு சுற்று வாசிப்பு உண்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளும் சொல்ல இருக்கிறேன். இந்த மாதிரிச் சேவைகள் பலவும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடக்கின்றன. எதில் சேர்ந்தாலும் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

என்னைப் பற்றி ஒரு வரி. 22 வருடமாகக் கணக்கு எழுதும் வேலை. நாவல் விடியற்காலையில். 31 அத்தியாயம், 412 பக்கம். கதை இதுதான்: அப்பா வீட்டை விட்டுப் போய் 11 வருடம். அவரிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருக்கிறது. தம்பி அந்தக் கடிதங்களைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறான். அவற்றை எழுதுவது அண்ணன். இந்த ரகசியத்தை 24-ஆம் அத்தியாயம் வரை பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதுதான் நாவலின் உயிர் என்று நினைத்திருந்தேன்.

முதலில் இந்தச் சேவையில் உருப்படியான விஷயம். மூன்று வாசகர்களுக்கும் ஒரே ஒரு கட்டளைதான். பிரதியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, ஏன் வைத்தீர்கள் என்று நாலு வார்த்தை எழுத வேண்டும். நட்சத்திரம் கிடையாது, பத்துக்கு எத்தனை என்கிற மதிப்பெண் கிடையாது. "தூக்கம்." "போன் வந்தது." "குழந்தை எழுந்தது." "சும்மா." இந்தச் "சும்மா" எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆசிரியர்தான் சொன்னார், கோடுகளிலேயே விலை உயர்ந்தது அதுதான் என்று. தூக்கம் வந்தவர் மறுநாள் வந்துவிடுவார். போன் பேசப் போனவர் பேசி முடித்ததும் திரும்பிவிடுவார். சும்மா கீழே வைத்தவரை இழுத்து வர உங்களிடம் ஒன்றும் இல்லை.

மூன்று பேரும் சும்மா வைத்த இடங்கள்: 58, 63, 66. மூன்றும் ஐந்தாம் அத்தியாயம். என் மனைவியின் ரசீது இருந்தது 61.

அதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ இறங்கியது. நான்கு மாதமாக நான் மனசுக்குள் அவளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறிக்கை வந்தது 38 பக்கம், சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்து. முதல் நாலு பக்கம் எல்லோருக்கும் அச்சடித்து வைத்திருப்பது. "உங்கள் நடை சரளமானது, கதாபாத்திரங்கள் மனதில் நிற்கின்றன" வகையறா. ஒரு முக்கோணப் படமும் இருந்தது, ஏறி உச்சிக்குப் போய் இறங்குகிற மாதிரி. ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863-இல் நாடகத்தின் உத்தியைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வந்த வடிவம் அது. ஐந்து அங்க நாடகங்களைப் பார்த்துப் போட்ட கோட்டின் மேல் 412 பக்க நாவலைப் படுக்கவைத்து, "உங்கள் உச்சம் 8 சதவீதம் தள்ளி இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். நீங்களும் தாண்டிவிடலாம்.

ஐந்தாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிற அட்டவணைதான் நான் இன்றைக்கும் சுவரில் ஒட்டி வைத்திருப்பது. மூன்றே பத்தி. வாசகர் மனதில் எழுகிற கேள்வி, அது எழுந்த பக்கம், அதற்குப் பதில் கிடைத்த பக்கம். அப்பா ஏன் போனார், பக்கம் 4, பதில் 371. மாமா ஏன் வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறார், பக்கம் 19, பதில் 47. இப்படி 27 கேள்வி. கணக்குப்பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும்? பார்த்தவுடன் புரிந்துவிட்டது, இது பேரேடு. ஒவ்வொரு கேள்வியும் வாசகரிடம் நாம் வாங்குகிற கடன். கடன் இருக்கிற வரை அவர் நம்மை விட மாட்டார், பின்னாலேயே வருவார். அடைத்துவிட்டால் திருப்தியாகப் போய்விடுவார், இன்னொன்று வாங்காத வரை. என் பேரேட்டில் ஐந்து கடன் கடைசி வரை அடைபடவே இல்லை. அது நாணயப் பிரச்சினை. அதைவிட மோசம், மாமாவின் கடன் 47-இல் அடைந்த பிறகு 118-ஆம் பக்கம் வரை புதிதாக ஒரு கடனும் இல்லை. பாக்கி இருந்ததோ பழைய பெரிய கடன் ஒன்றுதான், அப்பா ஏன் போனார் என்பது. அதற்கு வட்டிகூடக் கட்டவில்லை. அந்தப் பக்கங்களில் அப்பா போன காரணம் பற்றி ஒரு வாக்கியம், ஒரு தடயம், ஒரு தவறான ஊகம்கூட இல்லை. 70 பக்கம் நான் வானத்தையும் தாழ்வாரத்தையும் வர்ணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பக்கங்களில் சம்பவமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு ரயில் பயணம், ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு சண்டை. ஆசிரியர் ஒவ்வொரு காட்சியையும் ஓர் அட்டையில் எழுதி வரிசையாகப் பரப்பச் சொன்னார். பிறகு இரண்டு அட்டைக்கு நடுவில் பொருந்துகிற ஒரே சொல்லை எழுதச் சொன்னார்: "பிறகு", "அதனால்", "ஆனால்". தரையில் உட்கார்ந்து எழுதினேன். ரயிலில் போனார்கள், பிறகு கல்யாணம் நடந்தது, பிறகு காய்ச்சல் வந்தது, பிறகு சண்டை. ஆறு இடத்தில் "பிறகு". அட்டைகளைக் கலைத்து வேறு வரிசையில் வைத்தேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயங்கரம். அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் கதைப்பின்னல்களிலேயே மட்டமானது என்று ஒதுக்குவது இதைத்தான், ஒன்றுக்கொன்று அவசியமோ சாத்தியமோ இல்லாமல் சம்பவங்கள் அடுத்தடுத்து வருவது. ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் சொன்ன ராஜா ராணி உதாரணம் பலருக்கும் தெரிந்திருக்கும்: ராஜா செத்தார், பிறகு ராணி செத்தாள் என்றால் அது கதை, அந்தத் துக்கத்தில் செத்தாள் என்றால் கதைப்பின்னல். இதையெல்லாம் நானும் படித்தவன்தான். இரண்டு பேரிடம் வகுப்பு மாதிரி விளக்கியிருக்கிறேன் வேறு. சொந்த அட்டைகளுக்கு நடுவில் பென்சிலால் "பிறகு" என்று ஆறு தடவை எழுதியபோதுதான் உறைத்தது.

அந்த ஆறில் இரண்டை "அதனால்" ஆக்கினேன். ரயிலில் தம்பி ஒருவரிடம் அப்பாவின் கையெழுத்தைக் காட்டுகிறான், அதனால் கல்யாணத்துக்குப் போன இடத்தில் அண்ணன் தம்பியைத் தனியாக விடாமல் ஒட்டிக்கொண்டே திரிகிறான். காய்ச்சலைத் தூக்கிவிட்டேன். 11 பக்கம். நன்றாக எழுதிய காய்ச்சல் அது, இன்னும் வலிக்கிறது.

இனி, நாங்கள் சண்டை போட்ட விஷயம்.

ஐந்தாம் அத்தியாயத்தின் நடுவில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. தம்பி அன்றைக்கு வந்த கடிதத்தை உரக்கப் படிக்கிறான். அப்பா எழுதுகிறார்: இங்கே மழை, உன் முட்டி வலி தேவலையா. தம்பி நிறுத்துகிறான்.

"என் முட்டி வலி அப்பாவுக்கு எப்படித் தெரியும்? போன மாசம்தானே விழுந்தேன்?"

"நீ எழுதியிருப்பே."

"எழுதலையே."

"எழுதியிருப்பே. சாப்பிடு."

இதை நான் ஒரு துப்பாக வைத்திருந்தேன். 24-ஆம் அத்தியாயத்தில் உண்மை தெரிந்ததும் வாசகர் பின்னால் புரட்டி வந்து "அடடா, இங்கேயே இருந்ததே" என்று தலையில் அடித்துக்கொள்வார் என்று கனவு. நடந்தது என்ன? ஒரு வாசகர் 58-இல் வைத்துவிட்டார், இந்த வரிக்கே வரவில்லை. இன்னொருவர் இதைத் தாண்டி 66-இல் வைத்தார். மூன்றாமவர் 63-இல், சரியாக இந்த உரையாடலுக்குப் பக்கத்தில், ஓரத்தில் எழுதியிருந்தார்: "தொடர்ச்சிப் பிழை? ஆசிரியர் கவனிக்கவும்."

என் சாமர்த்தியத்தின் சிகரம் அச்சுப்பிழைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆசிரியர் பேசும்போது நிதானமாகச் சொன்னார்: "சார், ரகசியத்தை மூணாவது அத்தியாயத்துக்குக் கொண்டு வாங்க." நான் முடியாது என்றேன். கொஞ்சம் உரக்கவே. அதைச் சொல்லிவிட்டால் மிச்சம் 28 அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கை இழுத்தார். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் பேசும்போது ஹிட்ச்காக் சொன்ன வெடிகுண்டு உதாரணம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்கு 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிட்டால், மேசையில் எவ்வளவு சாதாரணமாகப் பேசிக்கொண்டாலும் 15 நிமிடம் தவிப்பு. "உங்க சாப்பாட்டு மேசையில குண்டு இருக்கு, ஆனா உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்.

எனக்கு ஒப்பவில்லை. கோபத்தில் தேடிப் படித்தேன், அவரை மடக்க ஏதாவது கிடைக்குமா என்று. கிடைத்தது எல்லாம் பாதகமாகவே இருந்தது. லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 12 சிறுகதைகளைச் சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். முடிவு தெரிந்தவர்களே மொத்தத்தில் அதிகம் ரசித்திருக்கிறார்கள், மர்மக் கதைகள் உட்பட. பின்னால் வந்த சில ஆய்வுகளில் நேர்மாறாகவும் வந்திருக்கிறது என்பதால் இதை வேதமாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் ஆர்வத்தைப் பற்றி எழுதியதுதான் என்னை அதிகம் குடைந்தது. தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஒரு இடைவெளி கண்ணில் பட்டால்தான் ஆர்வம் வரும் என்கிறார். ஒன்றுமே தெரியாதவருக்கு இடைவெளி எங்கே தெரியும்? 24 அத்தியாயமும் என் வாசகருக்கு ஒரு ரகசியம் இருப்பதே தெரியாது. இல்லாத பூட்டுக்கு நான் காவல் இருந்திருக்கிறேன்.

சரி, ஒரு சோதனைக்கு என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் புதிதாக எழுதினேன். இரவு. அண்ணன் பழைய கடிதம் ஒன்றை விளக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறான். இரண்டு தாளைக் கிழித்துப் போடுகிறான். காரணம், அப்பாவின் 'ழ'வுக்கு வால் இடப்பக்கம் சுழிந்து போகும். இவன் எழுதினால் நேராக இறங்கிவிடுகிறது. மூன்றாவது தாளில் வால் சரியாக வருகிறது. மை காய ஊதுகிறான். அவ்வளவுதான். ஏன் எழுதுகிறான், அப்பா உயிரோடு இருக்கிறாரா, எதையும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் காட்சியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே நம்பாமல் இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். "எழுதியிருப்பே. சாப்பிடு." பழைய பிரதியில் அது அசிரத்தையான அண்ணன். புதிய பிரதியில் மாட்டிக்கொள்ளப் போகிற அண்ணன். இரண்டாம் சுற்றில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. முன்பு தொடர்ச்சிப் பிழை என்று எழுதியவர் அதே வரிக்குப் பக்கத்தில் "ஐயோ" என்று மட்டும் எழுதியிருந்தார்.

பேரேட்டிலும் ஒரு மாற்றம். 24 வரை ஒளித்து வைத்த ஒரு பதில், மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்ததும் நாலு கேள்வியாகக் குட்டி போட்டது. ஏன் எழுதுகிறான்? எத்தனை நாளைக்கு? தம்பி எப்போது கண்டுபிடிப்பான்? கண்டுபிடித்தால் என்ன செய்வான்? அந்தப் பழைய 24-ஆம் அத்தியாயம் இப்போது தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்பதை அண்ணன் தெரிந்துகொள்கிற இடம். எழுதும்போது எனக்கே அதுதான் சரியான உச்சம் என்று பட்டது. முக்கோணத்தில் எத்தனை சதவீதத்தில் வருகிறது என்று பார்க்கவில்லை.

இத்தனை புகழ்ந்தபின் குறை சொன்னால் நன்றி கெட்டவன் என்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். குறிப்பு எழுதுவதற்கு அவர்கள் கொடுத்த செயலி தமிழை மென்று துப்புகிறது. கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும். ஒரு வாசகரின் குறிப்புகளில் பாதியை நான் ஊகித்துத்தான் படித்தேன். கடைசியில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கினேன். அதுதான் வசதியாகவும் இருந்தது.

அடுத்தது அத்தியாய முடிவுகள். 31 அத்தியாயத்தில் 22-க்கு "முடிவில் கொக்கி இல்லை" என்று சிவப்புக் குறி. அறிக்கையின் யோசனைப்படி செய்தால் என் நாவலில் வாரத்துக்கு மூன்று முறை கதவு தட்டப்படும், நாலு முறை போன் ஒலிக்கும், ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வரும்போது விளக்கு அணையும். டிக்கன்ஸ் தன் முதல் நாவலை 1836-இலிருந்து மாதாமாதம் சிறு பகுதிகளாக வெளியிட்டார். அடுத்த பகுதிக்கு வாசகர் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், திரும்பக் காசு கொடுத்து வாங்க வேண்டும். "தொடரும்" போட்ட எவருக்கும் அந்தக் கவலை நியாயம். என் வாசகர் தாளைத் திருப்பினால் போதும். கதவு தட்டி, அடுத்த பக்கத்தில் பால்காரர் நின்றால் இரண்டாவது தடவை அவர் நம்ப மாட்டார். கேள்வி பாக்கி இருக்கும்போது அத்தியாயம் அமைதியாகவே முடியலாம். அண்ணன் மை காய ஊதுகிற இடத்தில்தான் மூன்றாம் அத்தியாயம் முடிகிறது, இரண்டாம் சுற்றில் அதற்கும் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். எட்டைத் திருத்தினேன், 14-ஐ அப்படியே விட்டேன். ஆசிரியர் வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறை பெரியது. திருத்திய பிரதியையும் அதே மூன்று பேரிடம்தான் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு முதல் சுற்றிலேயே எல்லாம் தெரியும்; முதல் முறை படிக்கிறவரின் கவனம் எங்கே நழுவுகிறது என்று அவர்களை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த "ஐயோ"வைக்கூட நான் முழுசாக நம்பவில்லை. கேட்டேன், முதலில் வழக்கமில்லை என்றார்கள். மூன்று மின்னஞ்சல் போட்ட பிறகு புதிதாக ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் ஐந்தாம் அத்தியாயத்தைத் தடையில்லாமல் தாண்டினார். இரண்டு தடவை தூக்கம், ஒரு தடவை "ஸ்டேஷன் வந்துவிட்டது". பிறகு 183-ஆம் பக்கத்தில், 14-ஆம் அத்தியாயம், "சும்மா".

அந்தப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. இரண்டரைப் பக்கத்துக்கு. நான்கு பேரில் ஒருவர்தான் அங்கே வைத்திருக்கிறார், மற்ற மூவரும் கோடே போடவில்லை என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே வாதாடினேன். பிறகு பேரேட்டைப் பார்த்தேன். 176-இல் ஒரு கடன் அடைகிறது, அடுத்தது 191-இல்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் குளம்.

முதல் வரைவை இவர்களுக்கு அனுப்பாதீர்கள், வீண். நீங்களாகவே அட்டை பரப்பிப் பார்த்து, அதற்கு மேல் கண் தெரியவில்லை என்ற கட்டத்தில் அனுப்புங்கள். அறிக்கைக்கு முன்னால் வாசகர்கள் போட்ட கோடுகளை அப்படியே கேட்டு வாங்குங்கள்; ஆசிரியர் வியாக்கியானம் சேர்ப்பதற்குள் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிட வேண்டும். இரண்டாம் சுற்றுக்குப் புது வாசகர் வேண்டும் என்று சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குளத்து அட்டையைத் தரையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் "பிறகு", பின்னால் "பிறகு". தம்பி அந்தக் கரையில் எதையாவது பார்க்க வேண்டும். என்ன என்று இன்னும் பிடிபடவில்லை.